தேர்வுக் கட்டண உயர்வு: ஆட்சிக்குழுவின் முடிவை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு?

ஐந்தாம் பருவம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்புப் பிரதிநிதியும் நானே. சென்ற மாதம் தேர்வுத் துறையிலிருந்து எங்கள் கல்லூரிக்குக் கட்டண உயர்வு பற்றிய சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பத்து நாளில், உயர்வு 'இப்போதைக்கு இல்லை' என்று கல்லூரி முதல்வர் அறையில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் உயர்த்தப்பட்ட தொகையைக் கட்டிவிட்டார்கள். கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டால், எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள்.

2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதைப் போலவே நடந்தது நினைவிருக்கலாம். ஒரு தாளுக்கு 150 ரூபாயாக இருந்த கட்டணம் 225 ஆக உயர்த்தப்பட்டது; ஆட்சிக்குழுவின் ஒப்புதலோடு எடுத்த முடிவு என்றார்கள்; அதன் பிறகு உயர்கல்வித் துறை அமைச்சர் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். எட்டுத் தாள் எழுதுகிறவருக்கு 1,200 ரூபாய் 1,800 ஆகும் என்பதால் மாணவர்களுக்கு அது நிம்மதியான செய்திதான். எனக்குப் புரியாதது வேறு. பல்கலைக்கழகம் தன்னாட்சி பெற்ற அமைப்பு என்றும், ஆட்சிக்குழுவே அதன் உயர்ந்த நிருவாக அமைப்பு என்றும் படிக்கிறோம். அப்படியானால் அதன் முடிவை அமைச்சரின் அறிவிப்பு நிறுத்த முடியுமா? துணைவேந்தருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டக்குறிப்பு

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டப்படி யார் முடிவெடுக்கலாம் என்பது ஒன்று. நடைமுறையில் யார் சொல் எடுபடுகிறது என்பது இன்னொன்று.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம், பணியிடம், சொத்து போன்ற நிருவாகப் பொருள்கள் அந்தச் சட்டங்களின்படி ஆட்சிக்குழுவின் பொறுப்பில் வருகின்றன. பாடத்திட்டமும் தேர்வு விதிமுறையும் கல்விக்குழு வழியாக வருகின்றன. அமைச்சர் இணைவேந்தர் என்ற பதவியை வகிக்கிறார் என்றாலும், அது பெரும்பாலும் வேந்தர் இல்லாத நேரத்தில் பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை ஏற்பது போன்றவற்றுக்கான பதவி. அன்றாட முடிவுகளைத் திருத்துவதற்காக உருவாக்கப்பட்டதன்று. ஆகவே அமைச்சரின் அறிவிப்பு மட்டுமே ஆட்சிக்குழுவின் தீர்மானத்தை இல்லாமலாக்கிவிடாது. குழுவே மீண்டும் கூடித் தன் தீர்மானத்தைத் திருத்த வேண்டும். அமைச்சரின் சொல் எடுபடுவது, உயர்கல்வித் துறைச் செயலர் அந்தக் குழுவில் உறுப்பினராக அமர்ந்திருப்பதாலும், நல்கைத் தொகை அரசிடமிருந்து வருவதாலும்தான்.

அரசின் கை எட்டாத இடமும் உண்டு. 2020 ஆகஸ்டு 26 அன்று, கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்களுக்கு அரியர் தேர்வுகள் ரத்து என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது நினைவிருக்கும். கட்டணம் கட்டிய இரசீதே தேர்ச்சிச் சான்றாகிவிட்ட விசித்திரம் அது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 66ஆம் பதிவின்படி ஒன்றியத்துக்கு உரிய பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அந்த அறிவிப்பை எதிர்த்தன. 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், அந்த ரத்தை ஏற்க முடியாது, தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்றது. கட்டண விவகாரத்தில் அப்படிப்பட்ட மேலமைப்பு எதுவும் குறுக்கே வராது. அது பல்கலைக்கழகத்தின் உள்விவகாரம். அதனால்தான் அங்கே நடைமுறையில் அமைச்சரின் ஒரு வாக்கியம் போதுமானதாகிவிடுகிறது.

பழைய கோப்பு

ஒரு பல்கலைக்கழகத்தின் நிருவாகப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மேலே நண்பர் சட்டத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். நான் கோப்பு நகரும் விதத்தைச் சொல்கிறேன். மனு எழுதுகிற பிள்ளைக்கு அதுதான் பயன்படும்.

முதலில் அந்தச் சுற்றறிக்கையைக் கையில் எடுங்கள். பொருள் என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படிக்கிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்துத் தொகைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் எண்ணும் நாளும் குறிக்கப்பட்டிருந்தால் முடிவு முழுமை பெற்றுவிட்டது என்று பொருள். நிதிக்குழுக் கூட்டக் குறிப்பும் துணைவேந்தர் ஒப்புதலும் மட்டும் இருந்தால், முடிவு இன்னும் ஆட்சிக்குழுவுக்கு வரவில்லை என்று பொருள். அவசர நேரத்தில் துணைவேந்தர் தாமே நடவடிக்கை எடுத்து, பிறகு உரிய குழுவிடம் தெரிவிக்கலாம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகச் சட்டங்களில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போன கோப்புகள் அடுத்த கூட்டத்தில் 'பின்னேற்பு', அதாவது நடந்து முடிந்ததற்குப் பிறகு ஒப்புதல், என்ற தலைப்பின் கீழ் வரும். வெள்ளம் வந்து தேர்வைத் தள்ளிவைக்க இடப்பட்ட வழி அது. கட்டண உயர்வு எந்த வகை அவசரம் என்பதை நான் பணியில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன். புன்னகைதான் பதிலாகக் கிடைத்தது.

ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு முன்னரே பொருள் நிரல் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். அதில் இடம்பெறாமல், கூட்டம் நடக்கும் அன்று மேசையில் வைக்கப்படும் பொருள்களும் உண்டு. அவற்றை நாங்கள் 'டேபிள் ஐட்டம்' என்போம். வெளியில் சலசலப்பை உண்டாக்கக்கூடிய பொருள்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும். பிற்பகல் உணவுக்குச் சற்று முன்பு, எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தில், ஒரு தனித்தாள் சுற்றி வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'ரத்து' வேறு, 'நிறுத்திவைப்பு' வேறு என்பது. ரத்து செய்யப்பட்ட தீர்மானம் செத்துவிட்டது. மறுபடி உயர்த்த வேண்டுமானால் புதிய குறிப்பு எழுதி, நிதிக்குழுவில் தொடங்கி எல்லாப் படியும் ஏறி வர வேண்டும். நிறுத்திவைக்கப்பட்ட தீர்மானமோ அலமாரியில் உயிரோடு இருக்கிறது. இரண்டு பருவம் கழித்து, மாணவர்கள் மறந்த பிறகு, 'நிறுத்திவைப்பு விலக்கிக்கொள்ளப்படுகிறது' என்ற ஒற்றை வரியில் எழுந்து வந்துவிடும். ஆகவே உங்கள் மனுவில் 'கட்டண உயர்வைக் கைவிட வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், 'ஆட்சிக்குழு கூடித் தீர்மானத்தை ரத்து செய்து, அதன் எண்ணைச் சுற்றறிக்கையில் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதுங்கள்.

பணம் திரும்புவதும் இதைப் பொறுத்ததுதான். வாய்மொழிச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் கணக்குப் பிரிவும் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பித் தராது. நாளை உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து எந்த ஆணையின் பேரில் கொடுத்தீர்கள் என்று கேட்டால், கையெழுத்திட்ட எழுத்தர்தான் மாட்டிக்கொள்வார்.

கணக்குத் தாள்

கட்டண உயர்வை எதிர்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் ஏன் தேர்வுக் கட்டணத்தின் பக்கமே திரும்புகின்றன என்பதையும் பேச வேண்டும். ஓய்வூதியச் சுமை ஆண்டுதோறும் ஏறுகிறது. பெரிய கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தத் தொடங்கியதும், அந்தக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்கு வருவது நின்றுபோகிறது. மிச்சமிருக்கும் கல்லூரிகளின் மாணவர்கள்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2024 பிப்ரவரியில் வருமானவரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கேட்ட வரித்தொகை 424 கோடி ரூபாய். அரசு நல்கை மொத்த வருவாயில் பாதியைத் தாண்டினால்தான் ஒரு கல்வி நிறுவனம் 'பெருமளவு அரசு நிதியில் இயங்குவது' என்ற கணக்கில் வரிவிலக்குப் பெறும். நல்கை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும், 1857இல் தொடங்கிய ஒரு பொதுப் பல்கலைக்கழகம் வரித்துறையின் பார்வையில் வேறு வகை நிறுவனமாகிவிட்டது. நல்கையைக் குறைப்பதும் அரசு, கட்டணத்தை ஏற்றாதே என்பதும் அரசு என்றால், நடுவில் ஆட்சிக்குழு எதைத்தான் தீர்மானிக்கும்?

இன்னொன்று. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, அதே பல்கலைக்கழகத்தை உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு நடத்தும் நிலை வந்தது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா அரசுக்கா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது எல்லாருக்கும் தெரியும். அந்த இடைக்காலத்தில் ஒரு கட்டண முடிவு எடுக்கப்பட்டால், அதை எடுத்தவர் பல்கலைக்கழகமா அரசா என்று பிரித்துப் பார்ப்பதே வீண். சட்டக்குறிப்பு அவர்கள் போட்ட கோடு துணைவேந்தர் இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும்.

சட்டக்குறிப்பு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழுவின் தலைவர் யாராக இருந்தாலும், தீர்மானம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மாறாது. செயலர் தம் அலுவலகத்தில் அரசாகவும் பல்கலைக்கழகத்தில் குழுத் தலைவராகவும் இருக்கலாம். இரண்டு கோப்புகளிலும் ஒரே கையெழுத்து இருப்பதால் அவை ஒரே கோப்பாகிவிடுவதில்லை.

ஐந்தாம் பருவம்

மூவருக்கும் நன்றி. 'பழைய கோப்பு' ஐயா சொன்னபடி சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பார்வை 1 நிதிக்குழுக் கூட்டக் குறிப்பு. பார்வை 2 துணைவேந்தரின் ஒப்புதல். ஆட்சிக்குழு என்ற சொல்லே அதில் இல்லை. இப்போது மனுவை யாருக்கு எழுதுவது?

பழைய கோப்பு

அப்படியானால் நீங்கள் நல்ல நேரத்தில் விழித்திருக்கிறீர்கள். பின்னேற்புக்காக அது ஆட்சிக்குழுவுக்கு வந்தே தீர வேண்டும். மனுவைத் துணைவேந்தருக்கு எழுதி, பதிவாளருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் நகல் அனுப்புங்கள். உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் வாயைத் திறந்தால் போதும், அது கூட்டக் குறிப்பில் ஏறிவிடும்.

கூடவே, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவின் கீழ்ப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் உயர்த்தினீர்கள்' என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிதிக்குழுக் கூட்டக் குறிப்பின் நகல், துணைவேந்தர் ஒப்புதல் அளித்த அலுவலகக் குறிப்பின் நகல், உயர்வை நிறுத்திவைத்த ஆணையின் நகல் என மூன்றையும் எண்ணிட்டுக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மூன்றாவதற்கு ஆணையின் நகல் கிடைத்தால், அந்த நகலையும் கட்டண இரசீதின் நகலையும் இணைத்துத் திருப்பித் தரக் கோரும் விண்ணப்பத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தனியாக அனுப்புங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் பதிவெண்ணோடு தனித்தனியே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மொத்தமாகக் கையெழுத்து வாங்கிய தாள் எந்தப் பிரிவின் மேசையிலும் ஒதுங்கிக் கிடக்கும்.