ஒரு சாட்டிலைட்டுக்கு 4% பூமி தெரிந்தால், 25 சாட்டிலைட் போதாதா?

கேள்வி:
ஒரு சாட்டிலைட்டுக்குத் தெரியும் பூமிப் பரப்பின் பங்கு = உயரம் ÷ (2 × (புவி ஆரம் + உயரம்)). இதில் 550 கிமீ, 6371 கிமீ போட்டால் 3.97% வருகிறது. புவிநிலைச் சாட்டிலைட் (பூமியிலிருந்து பார்த்தால் ஓரிடத்திலேயே நிற்பது) இருக்கும் 35,786 கிமீ-க்கு 42.4%; இது புத்தகத்தில் உள்ளதுதான். அப்படியானால் 550 கிமீ-யில் 25, 26 சாட்டிலைட் பூமி முழுக்கப் போதுமே? சாட்டிலைட் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் ஏன் ஆயிரக்கணக்கில் விடுகிறது?

பதில் 1:
சூத்திரத்தில் தப்பில்லை. அது தரையை உரசிக்கொண்டு தெரியும் தூரம் வரைக்குமான கணக்கு. அந்த விளிம்பில் சாட்டிலைட் 2704 கிமீ தள்ளி இருக்கும். நேர் மேலே இருப்பதைவிட சிக்னலில் கிட்டத்தட்ட 14 டெசிபெல் இழப்பு. போதாததற்கு மரம், மாடி, மழை வேறு.

அதனால் குறைந்தபட்ச எலிவேஷன் கோணம் (சாட்டிலைட் தொடுவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் தெரிகிறது என்பது) ஒன்றை வைத்துத்தான் போட வேண்டும். 25° எடுங்கள்:

6371 ÷ 6921 = 0.9205
× காஸ் 25° = 0.8343
இதன் ஆர்க்காஸ் (காஸின் தலைகீழ்) 33.46°
25° கழித்தால் பூமியின் மையத்தில் உள்ள கோணம் (மையக்கோணம்) 8.46°
பங்கு = (1 − காஸ் 8.46°) ÷ 2 = 0.54%

ஒரு டிகிரிக்கு 111.2 கிமீ, ஆக தரையில் ஆரம் சுமார் 940 கிமீ, பரப்பு 27.7 லட்சம் சதுர கிமீ. இந்தியாவைவிடச் சின்னது! 4% எங்கே, 0.54% எங்கே.

பதில் 2:
100-ஐ 0.54-ஆல் வகுத்து 185 என்று நிறுத்திவிடாதீர்கள். வட்டங்களை இடைவெளியில்லாமல் அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதற்கே குறைந்தது 21% கூடுதல். சாட்டிலைட்டும் ஓரிடத்தில் நிற்காது. சாட்டிலைட் போன் சேவையான இரிடியத்தைப் பாருங்கள்: 780 கிமீ, 8.2° எலிவேஷன், ஒன்றுக்கு 3%. வகுத்தால் 33தான் வரும். ஓடுவதோ 66, ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில் பதினொன்று வீதம். துருவத்தில் எல்லாத் தளமும் ஒன்றுகூடுவதால் அங்கே நெரிசல், நிலநடுக்கோட்டில்தான் பற்றாக்குறை.

ஆயிரக்கணக்கில் விடுவது கவரேஜுக்காக மட்டும் அல்ல, டேட்டா கொள்ளளவுக்காக. ஒரே வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே சாட்டிலைட்டின் அலைவரிசையைத்தான் பங்கு போட வேண்டும்.

பதில் 3:
சின்ன எச்சரிக்கை: பரப்புக்கு π × ஆரம்² போடாதீர்கள். 940 கிமீ-க்கு வித்தியாசம் கண்ணில் படாது. புவிநிலைச் சாட்டிலைட்டுக்கு அதே கணக்கு சுமார் 19% கூடுதலாகக் காட்டும், பூமி தட்டையில்லையே. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; 33.46-க்குப் பதில் 0.58 வந்தால் அதுதான் காரணம்.