விடுதி வராந்தாவில் சிசிடிவி: எங்கே மாட்டுவது, யார் பார்ப்பது, எத்தனை நாள் வைப்பது?

தென்காற்று (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழக வளாகம். 64 ஐபி கேமரா, எல்லாமே 2 மெகாபிக்சல். 32 சேனல் என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் 11 நாள் ரெக்கார்டிங் நிற்கிறது, மற்றதில் 19 நாள். ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. அட்மின் பாஸ்வேர்டு ஒன்றுதான். வார்டன், செக்யூரிட்டி சூப்பர்வைசர், கேமரா மாட்டிக் கொடுத்தவர் என ஏழெட்டுப் பேர் போனில் ஆப் வழியாகப் பார்க்கிறார்கள்.

செல்போன் திருட்டு அதிகம் என்பதால் மாணவியர் விடுதியில் ஒவ்வொரு மாடி வராந்தாவிலும் கேமரா போடச் சொல்லி உத்தரவு. மாணவிகள் கூடாது என்கிறார்கள். பொருளைத் தொலைத்தவர் ஃபுட்டேஜ் கேட்டால் காட்டலாமா, கொடுக்கலாமா? எழுத்தில் ஒரு விதிமுறை வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கேபிள்காரன்

முதலில் அந்த 11, 19 கணக்கு. கேமரா அனுப்பும் வீடியோ நொடிக்கு ஒரு மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி பிடிக்கும். 4 எம்பிபிஎஸ் என்றால் 43.2 ஜிபி, 32 கேமராவுக்கு நாளொன்றுக்கு 1,382 ஜிபி. 16 டிபி பதினோரு நாளில் நிரம்பிவிடும். 19 நாள் நிற்கிற பெட்டியில் யாரோ எச்.265-க்கு (வீடியோவை அதிகம் சுருக்கும் முறை) மாற்றியிருப்பார்கள், சராசரி 2.4 எம்பிபிஎஸ் வருகிறது. இரண்டையும் எச்.265, 2 எம்பிபிஎஸ், நொடிக்கு 15 ஃப்ரேம் என்று வையுங்கள். 30 நாளுக்கு ஒரு என்விஆருக்கு 20.7 டிபி தேவை. 8 டிபி நான்கு போட்டு ரெய்டு 5 (ஒரு டிஸ்க் பழுதானாலும் பதிவு அழியாத அமைப்பு) வைத்தால் 24 டிபி கிடைக்கும், போதும்.

டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேல் ஓவர்ரைட் ஆகட்டும் என்று மட்டும் விடாதீர்கள். கேமரா வாரியாக 30 நாள் கழிந்ததும் தானே அழியும்படி எக்ஸ்பைரி வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டமில்லாத மூலையில், மோஷன் ரெக்கார்டிங் வைத்த கேமராவில், மூன்று மாதப் பதிவு கேட்பாரற்றுக் கிடக்கும்.

இனி வராந்தா. முகத்தை வைத்து ஆளை உறுதி செய்ய மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு. தெரிந்த ஆளை அடையாளம் காண 125, யாரோ இருக்கிறார் என்று அறிய 25. உங்கள் கேமராவின் அகலம் 1920 பிக்சல், ஆக 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் முகம் தேறாது. 2.8 மிமீ லென்ஸில் ஏறத்தாழ 3 மீட்டர் தூரம், 4 மிமீ-யில் 4 மீட்டர். முப்பது மீட்டர் வராந்தாவின் கோடியில் 4 மிமீ லென்ஸுக்கு 35 பிக்சல்தான் கிடைக்கும். யாரோ எட்டாம் எண் அறைக்குள் போனது தெரியும், யாரென்று தெரியாது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அறையின் உள்ளே தெரியும். திருடன் முகமும் கிடைக்காது, மாணவிகளின் அந்தரங்கமும் போகும். இந்த உத்தரவின் பலன் அவ்வளவுதான்.

பதிலாக, ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முடியும் இடத்தில் கேமராவை வையுங்கள். 2 மீட்டர் அகல வழி, 3 மீட்டர் தூரம், ஏறுபவர் முகம் பார்க்க. மேலே போன எவரும் அதைத் தாண்டியே ஆக வேண்டும். குளியலறைப் பக்கம் திரும்பும் வளைவு, துணி காயப்போடும் மாடி இரண்டும் கூடவே கூடாது.

எங்காவது அறைக் கதவு ஓரத்தில் விழுந்தே தீரும் என்றால் பிரைவசி மாஸ்க் (படத்தில் அந்தப் பகுதியை மறைக்கும் கட்டம்). அதைக் கேமராவின் சொந்த அமைப்புப் பக்கத்தில் போடுங்கள். வேறு பிராண்டு கேமராவை ஆன்விஃப் (பிராண்டுகளுக்குப் பொதுவான இணைப்பு முறை) வழியாகச் சேர்த்திருந்தால், என்விஆரில் போட்ட மாஸ்க் கேமராவுக்குப் போகாமல் இருக்கலாம். மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரப் படம்), சப் ஸ்ட்ரீம் (சிறிய படம்) இரண்டையும் கதவை முழுக்கத் திறந்து வைத்துப் பாருங்கள். ஒட்டடை அடிக்கும்போது கேமரா இரண்டு டிகிரி திரும்பினாலும் மாஸ்க் சுவரை மறைத்துக்கொண்டு அறையைக் காட்டும். ரீசெட் செய்தால் அழிந்தே போகும். மாதம் ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும்.

முகவரி_192

எனக்கென்னவோ வராந்தாவைவிடப் பெரிய ஓட்டை அந்த ஏழெட்டுப் போன்கள்தான். பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மாட்டிக் கொடுத்தவர் தன் போன் எண்ணில் கிளவுட் கணக்கு திறந்து என்விஆரைச் சேர்த்திருப்பார். மற்றவர்களுக்கு ஷேர் ஆனதும் அங்கிருந்துதான். அந்தக் கணக்கிலிருந்து கருவியை அன்பைண்ட் செய்த (பிரித்தெடுத்த) பிறகு, நெட்வொர்க் மெனுவில் பி2பி-யை (போன் ஆப்பைக் கிளவுட் வழியாக இணைக்கும் வசதி) அணையுங்கள். ரவுட்டரில் 80, 554, 8000, 37777 ஆகிய போர்ட்டுகள் இணையத்துக்குத் திறந்து (ஃபார்வர்டு) இருந்தால் எடுத்துவிடுங்கள். 2016-ல் மிராய் பாட்நெட் (கருவிகளைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் வலை) பரவியது கேமராக்களிலும் டிவிஆர்களிலும் மாற்றாமல் விட்ட ஆரம்பப் பாஸ்வேர்டுகளால். 2021-ல் ஹிக்விஷன் நிறுவனக் கேமராக்களில் வெளிவந்த சிவிஇ-2021-36260 ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) தேதியைப் பாருங்கள்.

கேமராக்களைத் தனி விலானில் (மற்ற கணினிகளிடமிருந்து பிரித்த நெட்வொர்க்) போட்டு இணையத்தை மூடிவிடுங்கள். கண்ட்ரோல் ரூம் கணினி மட்டும் என்விஆரைத் தொடட்டும், வெளியிலிருந்து யாராவது பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் (பாதுகாப்பான மறைகுறி இணைப்பு). கணக்குகள் ஆளுக்கு ஒன்று: வாயில் காவலருக்கு வாயில் கேமராவின் லைவ் மட்டும், பிளேபேக் கிடையாது. பிளேபேக் இரண்டு பேருக்கு, எக்ஸ்போர்ட் ஒருவருக்கு. வார்டனுக்கு லைவ் எதற்கு? கேட்டுப் பாருங்கள், உருப்படியான பதில் வராது.

ஒலிப்பதிவை 64 கேமராவிலும் அணையுங்கள். பல மாடல்களில் மைக் உண்டு என்பதே மாட்டியவருக்குத் தெரியாது. ஃபேஸ் கேப்ச்சர் (முகங்களைத் தனியே எடுத்துச் சேமிக்கும் வசதி) இயங்கினால் அதையும் நிறுத்துங்கள், கேட்காமலே முகங்களின் தொகுப்பு ஒன்று சேர்ந்துகொண்டிருக்கும். நேரத்தை என்டிபி-யில் (இணைய சர்வரிடம் நேரம் வாங்கும் முறை) கட்டுங்கள். என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வரோடு கடிகாரம் ஒத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 சிஇஆர்டி-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவிலேயே இருக்கிறது.

கருவியின் எந்த லாகிலும் (செயல் பதிவிலும்) சிக்காத கசிவு ஒன்று உண்டு: மானிட்டரைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விடுவது. அதற்கு மென்பொருள் கிடையாது. கண்ட்ரோல் ரூம் வாசலில் போன் வைக்கப் பெட்டி, உள்ளே மானிட்டர்களைப் பார்த்தபடி ஒரு கேமரா.

சான்றொப்பம்

ஃபுட்டேஜ் பற்றி. தொலைத்தவர் கையில் கிளிப் கொடுக்காதீர்கள். அதில் மற்ற இருபது பேர் இருக்கிறார்கள். தேதி, இடம், அரை மணி நேர இடைவெளி குறித்து மனு வாங்குங்கள். பிளேபேக் உரிமை உள்ளவர் பார்த்து, பொருத்தமானது இருந்தால் அன்றே தனியாக எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். காவல்துறை எழுத்தில் கேட்டால் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், 94-ம் பிரிவு) கொடுக்கலாம்.

எடுக்கும்போது என்விஆரின் மூல வடிவத்திலேயே பிளேயருடன் எடுத்து, எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாள எண்) கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழில் அந்த ஹாஷ் கேட்கப்படுகிறது: ‘அ’ பகுதி கருவிக்குப் பொறுப்பானவர், ‘ஆ’ பகுதி நிபுணர். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடும், ஹாஷ் ஒத்துவராது.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்கு 30 நாள் அவகாசம். உங்கள் பதிவும் 30 நாள்தான். மனு மேசை மேசையாக நகர்வதற்குள் அழிந்துவிடும், பிறகு வேண்டுமென்றே அழித்ததாகப் பெயர் வரும். மனு வந்த நாளே அந்தப் பகுதியைப் பூட்டுங்கள். தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் அப்புறம் முடிவு செய்யட்டும்.

டிபிடிபி சட்டம் (தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் தொடங்கும். அதில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். முதலாண்டில் பதினேழு வயதினர் இருப்பார்கள். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் தளர்வு உண்டு என்றாலும் அது கல்விப் பணிக்கும் அவர்கள் பாதுகாப்புக்கும் மட்டுமே. விடுதிக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேமரா பார்த்து வீட்டுக்குப் போன் செய்வதைப் பாதுகாப்பு என்று நீட்டாதீர்கள்.

தென்காற்று

மிக்க நன்றி. படிக்கட்டு யோசனையை அப்படியே எழுதித் தருகிறேன். ஒரு சோதனைக் கேமராவை அங்கே மாட்டிப் பார்த்ததில் இரவில் மட்டும் படம் வெள்ளையாக வெளுக்கிறது. சில கேமராக்கள் இரவு ஏழு மணிக்கு மேல் தானே ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது?

கேபிள்காரன்

வெளுப்பது பக்கத்துச் சுவரில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) ஒளி பட்டுத் திரும்புவதால். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளுங்கள், அல்லது வழியில் இரவு விளக்கு எரியும் என்றால் ஐஆரை அணைத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆவது மின்சாரப் பற்றாக்குறை: ஐஆர் எரியும்போது கேமரா கூடுதல் வாட் இழுக்கும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்சில் போர்ட்டுக்கு 15.4 வாட் என்று போட்டிருந்தாலும் ஸ்விட்சின் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். அது சரியென்றால் கேபிள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிளாக இருக்கும்; நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

பலகை: “இங்கு கேமரா உள்ளது. திருட்டு, அத்துமீறல் விசாரணைக்கு மட்டும். ஒலிப்பதிவு இல்லை. 30 நாளில் அழியும். புகார், விவரம்: பதிவாளர் அலுவலகம், அறை எண் ____.” உள்ளே வருமுன் கண்ணில் படும் உயரத்தில் வையுங்கள்.