போகித் தீயில் தலையணையோடு போன 9,500 ரூபாய்: கருகின நோட்டை பேங்கில் வாங்குவார்களா?

ஊசிநூல் (செய்யாறு பக்கம்)

இன்று விடியற்காலை நடந்ததை எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம், ஆனால் திட்டின கையோடு பதிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனாலும் பொங்கலுக்கென்று ஜாக்கெட் வரும். சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், சுடிதார் பிடிக்கிறது, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது என்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மெஷினை மிதித்துச் சேர்த்தது 9,500 ரூபாய். எல்லாமே ஐந்நூறு ரூபாய் நோட்டு, மொத்தம் 19. என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய ஃபீஸில் குறைந்திருந்தது இந்தத் தொகைதான். இதை விட்டால் வீட்டில் இருப்பது திருப்பதி உண்டியல் சில்லறை மட்டும்.

அரிசி டிரம்மில் வைத்தால் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். குடிக்கிற ஆள் இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், எங்கே காசு கிடைத்தாலும் அது டயருக்கும் டியூவுக்கும் போய்விடும். அதனால் மாமியாரின் பழைய இலவம்பஞ்சுத் தலையணையில், உறைக்குள்ளே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்து, நோட்டுகளை மளிகைக்கடை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி உள்ளே வைத்தேன். அந்த எண்ணெய்ச் சிக்குத் தலையணையை யார் தொடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

தொட்டது நான்தான். நாலரை மணிக்குத் தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், இரண்டு கூடை, அதோடு அந்தத் தலையணை. நானே தூக்கிப் போட்டேன். பஞ்சு பிடித்துக்கொண்டு எரிந்ததைப் பார்த்து "அப்பாடா, பீடை போச்சு" என்று வேறு சொன்னேன். உள்ளே வந்து முகம் கழுவும்போதுதான் நெஞ்சில் ஒரு அடி அடித்தது போல ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தென்னை மட்டையால் இழுத்துப் போட்டு, வாசல் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். தெருவே பார்த்தது. "ரப்பர் எரிஞ்சது, நாத்தம் தாங்கல" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது: கொஞ்சம் ஓரம் கருகினது சில நோட்டு. பாதி போனது சில. நாலு நோட்டு பிளாஸ்டிக் உருகி ஒட்டிக் கரிக்கட்டி மாதிரி இருக்கிறது. ஒரு நோட்டின் கருகின ஓரம் உதிர்ந்துகொண்டே இருந்ததால் கத்தரியால் நேராக வெட்டிச் சுத்தம் செய்தேன். மற்றதையும் அப்படியே செய்துவிடலாமா?

நம்பர் இல்லாத நோட்டு குப்பை என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். அவனிடம் என் நோட்டு என்று சொல்லவில்லை, சும்மா பொதுவாகக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் கிழிந்த நோட்டு மாற்றுகிறவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? மகளைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

பழையகேஷியர்

அம்மா, முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். இனி ஒரு நோட்டையும் வெட்டாதீர்கள். கருகின ஓரம் கோணல்மாணலாக இருப்பதுதான் உங்களுக்குச் சாட்சி. நேராக வெட்டின நோட்டைப் பார்த்தால், வேண்டுமென்றே வெட்டினது என்று அதிகாரி தள்ளிவிடலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

31 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவன். போகி முடிந்த வாரம் இப்படி வருஷத்துக்கு ஒருவராவது வருவார்கள். வெந்நீர் அடுப்பு, கரையான், எலி, ஊறப்போட்ட சட்டைப் பை, எல்லாம் பார்த்தாயிற்று. நீங்கள் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

கணக்கு இதுதான். ரிசர்வ் வங்கியின் 2009ஆம் வருஷ நோட்டு விதிகள், 2018இல் புது சைஸ் நோட்டுகளுக்காகத் திருத்தினார்கள். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், பிரியாமல் ஒரே துண்டாக மிஞ்சியிருப்பதுதான் கணக்கு. அது முழு நோட்டில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40க்கும் 80க்கும் நடுவில் என்றால் பாதிப் பணம். 40க்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. நம்பர் போய்விட்டதா என்பதைவிட எவ்வளவு பரப்பு மிச்சம் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை விடுங்கள்.

நீங்கள் தையல்காரர், உங்களுக்கு அளவு சொன்னால் புரியும். இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 அகலம். மொத்தம் 99 சதுர சென்டிமீட்டர். முழுப் பணத்துக்கு 80, பாதிக்கு 40 வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நேராக எரிந்திருந்தால், மிச்ச நீளம் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தாலும் பாதியாவது தேறும். கரியாகிப் போன பாகத்தை எண்ணாதீர்கள், நோட்டாகத் தெரிகிற பாகத்தை மட்டும் அளங்கள்.

ஈரத்தோடு அயர்ன் போடாதீர்கள். தையல்காரர் வீட்டில் அந்த ஆசை வரும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து நிழலில் காயவிடுங்கள். நம் நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது, தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. செல்லோ டேப்பும் வேண்டாம்.

அந்தக் கரிக்கட்டி நாலை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். மோசமாக எரிந்தது, ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியாதது, தொட்டால் நொறுங்குகிறது, இவற்றை பேங்க் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உங்களுக்கு அது சென்னை.

வெட்டிப்பேச்சு

இந்தக் காலத்தில் யாராவது தலையணைக்குள் பணம் வைப்பார்களா? பேங்கில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. ஃபோனில் பணம் அனுப்பத் தெரிகிற ஊரில் இலவம்பஞ்சு!

ஊசிநூல்

பேங்கில் போட்டால் மகளிர் குழுக் கடன் தவணையை அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள் தம்பி. போன மாசம் 1,800 போட்டேன், மறுநாள் பார்த்தால் மீதி 43 ரூபாய். கடனைக் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஃபீஸ் முதலில், தவணை அப்புறம் என்று நான் நினைப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே.

கேஷியர் ஐயா, மகள் கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் கிழித்து, ஒவ்வொரு நோட்டையும் அதன்மேல் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து கட்டத்தை எண்ணினேன். ஜாக்கெட் பேப்பர் கட்டிங் போடுகிற மாதிரிதான் இருந்தது. முழுப் பணம் தேறுகிற மாதிரி 7. பாதிக்கு 6. வெட்டினது ஒன்று, அதன் நீளம் இப்போது பதினொன்றரை. உள்ளங்கை அளவுகூட இல்லாத துண்டு ஒன்று. கரிக்கட்டி நாலு. எங்கள் ஊர் கிளையிலேயே வாங்குவார்களா?

பழையகேஷியர்

பிரமாதமாக அளந்திருக்கிறீர்கள். எங்கள் கிளையில் கண் அளவில்தான் பாதிப் பேர் பார்ப்பார்கள்.

ஐந்து நோட்டு வரைக்கும் என்றால் சாதாரணக் கிளையிலேயே பார்த்து மாற்றித் தர வேண்டும். அதற்கு மேல் இருந்து, மதிப்பும் 5,000 ரூபாயைத் தாண்டினால் கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் நோட்டுகளை இருப்பு வைக்கிற பெட்டகம்) உள்ள கிளைக்குப் போகச் சொல்வார்கள். உங்களுடையது 15 நோட்டு, 7,500 ரூபாய். அதனால் நேராகக் காஞ்சிபுரத்தில் செஸ்ட் உள்ள கிளை எது என்று விசாரித்துப் போங்கள். அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்று இல்லை. கவுன்டரில் இருக்கிறவர் "இதெல்லாம் வாங்கறதில்லம்மா" என்று சொன்னால் கோபப்படாமல் மேனேஜர் எங்கே என்று கேளுங்கள். இந்த வேலை கையைக் கரியாக்கும், அதனால் தட்டிக்கழிப்பார்கள். நானும் தட்டிக்கழித்திருக்கிறேன், அதற்குத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கே பணம் தராமல் ரசீது கொடுத்து, அப்புறம் கணக்கில் போடுவதும் உண்டு. உங்கள் தவணைக் கதையைப் படித்தேன். மகள் பெயரில் கணக்கு இருந்தால் அந்த நம்பரை எடுத்துப் போங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்காரரிடம் போகவே வேண்டாம். அவர் உங்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, இதே பேங்கில்தான் மாற்றுவார்.

கீழ்வீதிக்காரி

தங்கச்சி, நீ அந்தத் தண்ணியை ஊத்தினியே, அது வரைக்கும் புத்தி வேலை செய்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையைக் கேள்.

எங்கள் அம்மா உப்புப் பானைக்கு அடியில் ஆயிரம் ரூபாய் நோட்டு ஏழு வைத்திருந்தார்கள். தன் சாவுச் செலவுக்காம். பிள்ளைகள் கையை எதிர்பார்க்கக் கூடாதாம். 2016 நவம்பர் 8 ராத்திரி, பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது எல்லாரும் அலறினோம், அம்மா மட்டும் "எங்கிட்ட ஏது" என்று சும்மா இருந்தார்கள். நிஜமாகவே மறந்துவிட்டார்கள். டிசம்பர் 30 வரைக்கும் நேரம் இருந்தது, நான்கூட இரண்டு நாள் வரிசையில் நின்றேன். அடுத்த வருஷம் ஆடி மாசம் பானையை நகர்த்தியபோது அகப்பட்டது. ஒரு மடிப்புக்கூட இல்லாத நோட்டு. காந்தி சிரித்துக்கொண்டிருக்கிறார், ஒரு டீ வாங்க முடியாது.

உன் நோட்டு பாதி எரிந்தும் பணம். எங்கள் அம்மா நோட்டு முழுசாக இருந்தும் காகிதம். அம்மா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார்கள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, உப்பு எடுக்க மட்டும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. தெருவே பார்த்திருக்கிறது, வேறு யார் வாயிலாவது கேட்டால்தான் தப்பாகப் போகும்.

பாரிமுனை

அக்கா, சென்னை போகிற விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி இருப்பது ராஜாஜி சாலையில். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக பீச் ஸ்டேஷனுக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸைவிடச் செலவு ரொம்பக் குறைவு. இறங்கி நடக்கிற தூரம்தான். எங்கள் கடையில் ஷார்ட் சர்க்யூட் ஆகிக் கல்லாப்பெட்டி எரிந்தபோது போனேன். ஆதாரும் பேங்க் பாஸ்புக் நகலும் கொண்டுபோங்கள். கரிக்கட்டியைப் பையில் போட்டு நசுக்கிக்கொண்டு வராதீர்கள், டப்பாவில் அடியிலும் மேலும் பஞ்சு வைத்து எடுத்து வாருங்கள். அன்றே காசு கிடைக்கும் என்று நினைத்து வர வேண்டாம். எனக்குக் கணக்கில்தான் வந்தது, கொடுத்ததில் பாதிக்கும் குறைவுதான் தேறியது.

நாலு நோட்டுக்காக ஒரு நாள் தையல் வேலையை விடுவது கட்டுப்படியாகுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊசிநூல்

பொங்கல் லீவெல்லாம் முடிந்து நேற்றுதான் காஞ்சிபுரம் போய் வந்தேன்.

முதல் கவுன்டரில் கேஷியர் ஐயா சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல்: "இதெல்லாம் வாங்கறதில்லம்மா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் எங்கே என்று கேட்டேன். உள்ளே ஒரு அம்மா இருந்தார், என் வயதுதான் இருக்கும். கட்டத் தாளையும் நோட்டுகளையும் மேசையில் பரப்பினேன். நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தாளைத்தான் பார்த்தார். "டீச்சரா?" என்றார். டெய்லர் என்றேன். தன் ஜாக்கெட் தோள்பட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது என்று நடுவில் ஒரு பேச்சு. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, கழுத்தை அகலமாக இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஏழு முழுசு, ஆறு பாதி. நான் எண்ணின கட்டம் ஒன்றுகூடத் தப்பவில்லை. 3,500ம் 1,500ம் ஆக 5,000 ரூபாய். துண்டு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். வெட்டின நோட்டைத்தான் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். நம்பினார், ஆனாலும் வாங்கவில்லை. "நீங்க வெட்டாம கொண்டாந்திருந்தா 250 குடுத்திருப்பேன்" என்றார். தலையணை தீயில் போனபோதுகூட நான் அழவில்லை, அந்த 250க்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

பணம் கையில் தரவில்லை, ரசீது. மகள் கணக்கு நம்பரைத்தான் கொடுத்தேன் ஐயா. மகள் காலேஜ் ஆபீஸில் பேசினாள், குறைகிற 4,500க்கு மாசக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தை பிறந்துவிட்டதால் கல்யாண ஜாக்கெட் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டில் ஆரி வேலையோடு ஐந்து, அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.

கீழ்வீதி அக்கா, வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தத் தலகாணிக்குள்ளயா வச்ச? நான் அதத் தவிர எல்லா எடத்துலயும் தேடிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கரிக்கட்டி நாலும் மஞ்சள் டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ரயிலுக்குப் போகிறோம், நானும் அவரும். டப்பா மேல் "தொடாதே" என்று பெரிசாக எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்காகத்தான்.