துண்டறிக்கையில் கொம்பு ஏன் இடம் மாறியது?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் துண்டறிக்கையின் அச்சு மாதிரி வந்ததிலிருந்து ஆளாளுக்குப் படம் எடுத்து வட்டம் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 'தலைவர்' என்பது 'தலவைர்' ஆகிவிட்டது. 'செயலாளர்' 'சயெலாளர்' ஆகிவிட்டார். 'குழு'வில் இரண்டு உகரக் குறிகளும் எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்குகின்றன. வடிவமைத்த தம்பிக்குத் தமிழ் தெரியாதா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். தம்பி மேல் கோபம் வேண்டாம். அவர் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு என்னிடம் இருக்கிறது, அதில் இந்தச் சொற்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

நடந்தது இதுதான். யூனிகோடில், அதாவது கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில், 'லை' என்ற எழுத்து லகரம் முதலிலும் சங்கிலிக் கொம்பு (ஐகாரக் குறி) பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. நாம் சொல்லும் வரிசை அது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை லகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. இந்த வேலை தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே படம் போட்டுவிடும். அப்போது கொம்பு லகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே நிற்கும், நம் கண் அதை 'வை' என்று படித்துவிடும். உகரமும் அப்படியே. 'கு', 'மு', 'ழு' ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவுக்குள் தனி வடிவம் வரைந்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் போடத் தெரியாவிட்டால் குறி தனியே தொங்கும்.

ஆகவே எழுத்துரு கெட்டதில்லை, கோப்பும் கெட்டதில்லை. வடிவமைப்பு மென்பொருளில் மாற்ற வேண்டிய ஓர் அமைப்பு (செட்டிங்) மாறாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துகளை வரிசைப்படுத்தி வரியாக அடுக்கும் பகுதிக்குக் 'கம்போசர்' என்று பெயர், மாற்ற வேண்டியது அதைத்தான். இன்டிசைனில் பத்திக்கான பட்டியலில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்பத்தேர்வுகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை இயக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பத்திப் பட்டியலில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் தலைகாட்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. ஏற்கெனவே ஒட்டிவைத்த பத்திகள் தாமாக மாறாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மறுபடி அந்தக் கம்போசரைக் கொடுக்க வேண்டும். ஸ்கிரைபஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் 1.4 வரிசையை விட்டு 1.6-க்கு வந்துவிடுங்கள், பழையதில் தமிழ் உடையத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கொம்பைக் கையால் நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தவன்தான். ஒரு சிறப்பு மலர் அச்சு வேலையில் இதே சிக்கல் வந்தபோது, இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லிலும் கொம்பை வெட்டி எழுத்துக்கு முன்னால் ஒட்டினேன். என் திரையில் அழகாக இருந்தது. அச்சகத்தில் இருந்தது மென்பொருளின் புதிய பதிப்பு, அதற்குத் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அது என் 'திருத்தத்தை' அப்படியே நம்பி, கொம்பை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிட்டது. சொல்லின் தொடக்கத்தில் சேர்வதற்கு எழுத்தே இல்லாத இடங்களில் புள்ளி வட்டம் போட்டுக் காட்டியது. பக்கம் முழுக்க வட்டங்கள். புள்ளி வட்டத்தைக் கண்டால் அது எழுத்துருவின் குறை இல்லை, 'இந்தக் குறிக்கு உரிய எழுத்தைக் காணோம்' என்று மென்பொருள் முறையிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் செய்திகளை அனுப்பிய அண்ணன்மாருக்கு. பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்ட மாதிரி. எழுத்துருவை மாற்றியதும் சட்டை கழன்றுவிடும். முகவரிப் பகுதியில் புரியாத ஆங்கிலமாக வந்திருப்பது அதுதான். பாமினியைக் குறை சொல்லவில்லை, கொம்பு நகர்த்தும் தொல்லையே இல்லாமல் பல ஆண்டுகள் நமக்கு அச்சு வேலை பார்த்துக் கொடுத்த எழுத்துரு அது. ஆனால் யூனிகோடோடு ஒரே கோப்பில் கலந்தால் தலைவலிதான். எழுத்துரு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மாற்றினாலும் ஒன்று கண்ணுக்குத் தப்பும். 'கௌரவத் தலைவர்' என்பதில் முதல் எழுத்தை நிறையப் பேர் 'கெ' போட்டு அடுத்து 'ள' போட்டு அடிக்கிறார்கள். 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று அடிப்பதும் இதே கதை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சிலவற்றில் ஔகாரத்தின் பின்பகுதியைச் சிறிதாக வரைந்திருப்பார்கள், அங்கே குட்டு வெளிப்படும். தேடிப் பார்த்தாலும் கிடைக்காது, கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நம் அறிக்கையில் 'கௌரவ' 4 இடத்தில் வருகிறது, 3 தவறு. திருத்திவிட்டேன்.

அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப் பற்றி. கோப்பின் பண்புகளில் எழுத்துரு பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும், எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் அங்கே வேறு எழுத்துரு உட்கார்ந்துகொள்ளும். எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிக் கொடுங்கள் என்று சில அச்சகங்களில் கேட்பார்கள், கொடுக்கலாம். ஆனால் மாற்றியபின் அது எழுத்தில்லை, வெறும் கோடு. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினால்கூடத் திருத்த முடியாது. மூலக்கோப்பை வேறு பெயரில் எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் தமிழ் குழம்பி வருகிறதே என்று பதற வேண்டாம், பார்வைக்குச் சரியாக இருந்தால் அச்சுக்கும் சரியாகவே வரும்.

அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டியிருந்ததை எடுத்துவிட்டேன், கொம்பும் எழுத்தும் பிரிந்து நின்றன. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு வலிந்து தடிப்புக் கொடுத்ததில் சிறிய எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டன. அதனால் தலைப்புகளை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன், அதில் தடித்த வடிவம் தனியாகவே வரைந்திருக்கிறார்கள். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக்கினேன், மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'றீ'யும் முட்டிக்கொண்டிருந்தன. உடல் எழுத்து கறுப்பு மை மட்டுமே. 4 வண்ணம் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சுத் தட்டு இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியே 'கொ கோ கௌ கை கு கூ க்ஷ ஸ்ரீ' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன், அதை யாரும் நீக்கிவிட வேண்டாம். அச்சகத்தில் மாதிரி எடுத்ததும் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது சரியாக இருந்தால் மேலே உள்ளதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். திருத்திய பிடிஎஃப் இதோடு இருக்கிறது. கைப்பேசியில் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவது போதாது, வீட்டில் அச்சுப்பொறி உள்ள இரண்டு பேராவது தாளில் எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அக்காமார் யாராவது வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தால் இன்னும் நல்லது.