தெருவையே குளிர வைக்க வழி உண்டா?

சேலையூர்வாசி:
எங்கள் தெருவில் நாற்பது வீடுகள். ஒன்பது வருடத்துக்கு முன் வாசல்களில் மண் இருந்தது. இப்போது எல்லோருமே பேவர் பிளாக் பதித்துவிட்டோம், நானும்தான். ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நான் ஏசி போட்டால் அந்த அனல் பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜன்னலுக்குத்தான் போகிறது. அவருக்கு எண்பது வயது, ஏசி கிடையாது. மனசு கேட்கவில்லை. சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் கருவி வைக்கலாம் என்கிறார் ஒருவர், ரோட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

மேற்கு சிட்னி அக்கா:
தம்பி, 2020 ஜனவரி 4 அன்று இங்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. கடற்காற்று எங்கள் பக்கம் சரியாக வந்து சேராது. புதுக் குடியிருப்புகளில் கறுப்புக் கூரைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, மரம் வைக்க இடமே இல்லை. ஆனால் எங்கள் வெயில் வறண்டது, தண்ணீர் தெளித்தால் உடனே ஆவியாகிச் சில்லென்று ஆகும். சென்னையில் வேர்வையே காயாதே! அந்தக் கருவி வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நிழலும் காற்றோட்டமும்.

பாலைவனத் தமிழன்:
அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2020 முதல் சில தெருக்களுக்கு வெளிர் சாம்பல் பூச்சு அடித்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்ததில், நண்பகலில் ரோட்டின் சூடு சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைந்திருந்தது. ஆனால் அதில் நடப்பவர் மேல் வெயில் திரும்பி அடித்தது. அதே பூச்சை மாடியில் அடித்தால் வெயில் வானத்துக்கே போய்விடும். ரோட்டை விட்டுவிட்டு மாடியைப் பாருங்கள்.

மதுரை மேஸ்திரி:
பூச்சுக்குக் காசு இல்லாத வீட்டுக்குச் சுண்ணாம்பே போதும். மாடியை நன்றாகக் கழுவிவிட்டு இரண்டு கை அடிக்கணும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். அப்புறம் வாசலில் நாலுக்கு நாலு அடி பேவரைப் பெயர்த்துப் புங்கை வையுங்கள். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போதுதான் அது தளிர்த்து நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் வேர் பிடித்துவிடும், லாரித் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது.

சேலையூர்வாசி:
சரி, கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டு மாடிக்கு முதலில் சுண்ணாம்பு. என் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றி மாடிக்கு ஏற்ற ஆளும் சொல்லிவிட்டேன். மேஸ்திரி அண்ணா, காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் புங்கை வைக்கணும்?