தட்டுவடைத் தொழில்: எல்லாமே எங்க கையில நிக்குது, எதை முதல்ல அடுத்தவங்க கையில கொடுக்கறது?

அம்மாப்பேட்டை_தட்டுவடை:

வணக்கம்ங்க. சேலம் அம்மாப்பேட்டையில வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு தட்டுவடை போடறோம். ஒரு நாளுக்கு 60 கிலோ. நாலு அக்காங்க வேலைக்கு வராங்க, ஆளுக்கு 450 ரூபாய். மாவு பிசையறது என் வீட்டம்மா மட்டும்தான். லீ பஜார் போய் சரக்கு எடுக்கறது, டெலிவரி, வசூல், கணக்கு எல்லாம் நான். 40 கடைக்கும், தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய், சட்னி வச்சுத் தர்றது) விக்கற 12 வண்டிக்கும் போடறோம். மொத்த விலை கிலோ 190. மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட் சேர்த்து 125, வண்டிச் செலவு கிலோவுக்கு 5. இடம் சொந்தம்.

ஓமலூர்ல இருந்தும் ஏற்காட்டுல இருந்தும் சரக்கு கேக்கறாங்க, போக நேரமில்ல. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் காய்ச்சல்னு படுத்தா அன்னிக்கு அடுப்பே எரியாது. சூப்பர்வைசர் போடறதா, டெலிவரிக்கு ஆளா, இல்ல மாவு பிசையற மெஷினா?

கணக்கு_மேசை:

நீங்க கொடுத்த எண்ணையே பிரிச்சுப் பார்க்கலாம். 190ல 125 போனா 65. நாலு பேர் கூலி 1,800. 60 கிலோவுக்குப் பங்கு போட்டா கிலோவுக்கு 30. வண்டி 5. மிச்சம் 30. மாசம் 26 நாள் ஓடினா 46,800 ரூபாய். இதை லாபம்னு சொல்லாதீங்க, பாதிக்கு மேல உங்க ரெண்டு பேரோட கூலி. அதை நோட்டுல எழுதாம விட்டதாலதான், ஆள் போட்டா லாபத்துல கை வைக்கிற மாதிரி தெரியுது.

நாளுக்கு ஒரு கிலோ கூடுதலா வித்தா மாசம் 30 × 26 = 780 ரூபாய் வரும். கூடுதல் சரக்குக்குக் கூடுதல் கூலி ஆகும்தான், அது அந்த 30 வர்றதுக்கு முன்னாடியே கழிஞ்சாச்சு. டெலிவரி ஆளுக்கு மாசம் 15,000னு வைங்க. நாளுக்கு சுமார் 19 கிலோ கூட வித்தா சம்பளம் தேறும். வெளியில இருந்து 18,000க்கு ஒரு சூப்பர்வைசரையும் சேர்த்து எடுத்தா சுமார் 42 கிலோ கூட வேணும், மொத்தம் 102. அவ்வளவு விக்க இன்னிக்கு உங்ககிட்ட கடைங்க இல்ல. அதனால ரெண்டு பேரையும் ஒண்ணா எடுக்காதீங்க. முதல்ல டெலிவரி ஆள். அதுல மிச்சமாகற மணி நேரத்துல நீங்க ஓமலூர் போய்க் கடை பிடிக்கணும், அந்த 19 கிலோ வேற எங்கிருந்தும் வராது. ஷெட்லயே நின்னு வேடிக்கை பார்த்தீங்கன்னா 15,000 தண்டம்தான். ஆள் சேர்க்கறதுக்கு முன்னாடி மூணு மாசச் சம்பளம், 45,000, தொழில் கணக்குல தனியா நிக்கட்டும். வீட்டுச் செலவுக்கு மாசம் இவ்வளவுன்னு ஒரு தொகையை உங்களுக்கே சம்பளமா எடுங்க, கல்லாவுல கை விடற பழக்கம் நிக்கணும்.

இன்னொரு விஷயம். இப்பவே வருஷ விற்பனை 35 லட்சத்து 57 ஆயிரம் (60 × 190 × 312 நாள்). சரக்கு விக்கறவங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு எல்லை 40 லட்சம், அதாவது நாளுக்கு 67 கிலோவைத் தாண்டினாலே எல்லை தாண்டியாச்சு. காம்போசிஷன்னு சின்ன வியாபாரிங்களுக்கான எளிய வரி முறை இருக்கு, அதுல போனா உற்பத்தியாளருக்கு விற்பனையில 1%, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டணும். கிலோவுக்கு வர்ற அந்த 1.90ஐ கடைக்காரர்கிட்ட வரின்னு வசூலிக்க முடியாது, உங்க 30ல இருந்துதான் போகும். இப்ப விக்கற 60 கிலோவுக்கும் சேர்த்துத்தான் வரி, அதனால 19 கிலோன்னு சொன்னது 25 ஆயிடும். வெளி மாநில விற்பனையும் கூடாது. பெங்களூர் ஆர்டர் வாங்கற எண்ணம் இருந்தா காம்போசிஷன் வேண்டாம், ரெகுலர் பதிவுதான்.

அடுப்படி_அக்கா:

வெளி சூப்பர்வைசர் வேண்டவே வேண்டாம்ங்க. அஞ்சாறு வருஷமா அடுப்புல நிக்கற அக்காவுக்கு நேத்து வந்தவர் சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேருமே நிக்க மாட்டாங்க. நாலு பேர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துக் கொடுங்க, மாசம் 2,600. வயசுல மூத்தவங்க மனசு கோணும், அதனால "இவங்கதான் பெரியவங்க"ன்னு பட்டம் கட்டாம, "அளவு அட்டை எழுதற வேலைக்கு 100"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க.

அதுக்கு முன்னாடி வீட்டம்மா கையில இருக்கறது தராசுக்கு வரணும். கையளவு, கண்ணளவை யாருக்கும் கைமாத்த முடியாது. ஏழு நாள் அவங்க எப்பவும் போலப் பிசையட்டும், ஆனா ஒவ்வொண்ணையும் போடறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் எடை போட்டு எழுதணும், தண்ணி உள்பட. ஏறக்குறைய இப்படி ஒரு பேட்ச் வரும்: அரிசி மாவு 5 கிலோ, பொட்டுக்கடலை மாவு 500 கிராம், வறுத்த உளுந்த மாவு 250, உருக்கின வெண்ணெய் 250, உப்பு 100, மிளகாய்த்தூள் 75, எள் 100, பெருங்காயம் 10. உங்க எண் வேறயா இருக்கும், நீங்க எழுதினதையே அளவு அட்டையா வைங்க. 10 கிலோவா ஒரே தடவை பிசைய வேண்டாம். பிசைஞ்ச மாவு அரை மணி நேரத்துக்கு மேல இருந்தா எண்ணெய் குடிக்கும், நிறம் சிவக்கும். கடைசி ஈடு ஏன் கறுக்குதுன்னு அடுப்பைக் குறை சொல்வாங்க, அது மாவு காத்திருந்த கோளாறு.

தண்ணிதான் எல்லாரும் தடுக்கி விழற இடம். புது அரிசி கம்மியாக் குடிக்கும், பழசு கூடக் குடிக்கும், ஈர மாவுன்னா இன்னும் வேற. அதனால அட்டையில தண்ணிக்கு ஒரே எண்ணை எழுதாதீங்க. "2.2 லிட்டர் முதல்ல, அப்புறம் 100 மில்லி 100 மில்லியா, உருண்டையை அமுக்கினா ஓரம் வெடிக்காம இருக்கற வரைக்கும்"னு எழுதுங்க. அரிசி மூட்டை மாறின அன்னிக்கு முதல் பேட்ச் மட்டும் வீட்டம்மா வந்து பார்க்கட்டும்.

எண்ணெய்க்குக் கம்பி வச்ச தெர்மாமீட்டர் வாங்குங்க. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கறது ஆவி வந்தா தப்பாக் காட்டும். 170ல இருந்து 175 டிகிரிக்குள்ள போடணும். 160க்குக் கீழ போட்டா எண்ணெய் கோத்துக்கும், 185 தாண்டினா மேல சிவந்து உள்ளே மெத்துனு நிக்கும், மறுநாள் நமுத்துடும். எண்ணெயைத் தினமும் வடிகட்டணும். மொத்த போலார் பொருள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயறப்ப அதுல சேர்ற கெட்டுப்போன பொருள்) 25%ஐத் தாண்டின எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி இருக்கு. அதை அளக்கற மீட்டர் விலை ஜாஸ்தி. நுரை அடங்காம நின்னாலோ, போடற சூட்டுலயே புகைஞ்சாலோ மாத்திடுங்கன்னு அட்டையில எழுதிட்டாப் போதும். "கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க.

கடைசியா ரெண்டு எடை. ஒண்ணு, 10 தட்டுவடை எடை. செட் வண்டிக்காரங்க எண்ணி வாங்கறவங்க. 6 கிராம் வடை 7 ஆனா ஆறுல ஒரு பங்கு சரக்கு சும்மா போகுது. ரெண்டாவது, ஒரு பேட்ச்சுல கிடைச்ச மொத்தம். மேல சொன்ன அளவுக்கு ஏழரை முதல் எட்டு கிலோ வரணும். கூடினா எண்ணெய் குடிச்சிருக்கு இல்ல வேகல. குறைஞ்சா கருகல், நொறுங்கல், இல்ல வேற காரணம். இந்த ரெண்டு எண்ணும் சாயந்திரம் ஒழுங்கா வந்தா நீங்க அடுப்பு பக்கத்துல நிக்கவே வேண்டாம்.

மெஷின் இப்போ வேண்டாம். கையளவுல போடற மாவை மெஷின்ல போட்டாலும் தப்பு தப்பாத்தான் வரும். 100 கிலோ தாண்டட்டும்.

லைன்_வண்டி:

டெலிவரி ஆள் சரி. வசூலையும் அன்னிக்கே அவர் கையில கொடுத்துடாதீங்க.

முதல் ஆறு நாள் நீங்களும் கூட வண்டியில போங்க. கடைக்கு ஒரு அட்டை: எந்த வரிசையில போறது, யாரைப் பார்க்கறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு கடன் வரைக்கும். அந்தக் கடைசி எண்ணு இத்தனை நாள் உங்க மனசுல மட்டும் இருந்திருக்கும். "பழைய பில் ரெண்டு நின்னா மூணாவது சரக்கு இறக்கக் கூடாது"ங்கறது சட்டம். கடைக்காரர் வம்பு பண்ணினா "ஓனர்கிட்ட பேசுங்கண்ணா"ன்னு பையன் தப்பிச்சுக்கலாம். அந்த ஒரு போனை மட்டும் நீங்க எடுங்க.

பில் புக் நம்பர் போட்ட இரட்டைத் தாள். கடைகள்ல ஒட்டற கியூ.ஆர். தொழில் கணக்கோடதா இருக்கணும், டெலிவரி பையன் போன்ல இருக்கற கியூ.ஆர். காட்டவே கூடாது. ரொக்கம் வாங்கினா பில்லுலயே தொகையை எழுதி கடைக்காரர் கையெழுத்து. சாயந்திரம் ஒரே கூட்டல்: ஏத்தினது 200 பாக்கெட்னா, வித்தது 184, நல்லாத் திரும்பினது 12, நொறுங்கினது 4. 200 வரலைன்னா அன்னிக்கே கேளுங்க, மறுநாள் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கமிஷன் கொடுக்கறதா இருந்தா இறக்கின சரக்குக்குக் கொடுக்காதீங்க, வசூலான பணத்துக்குக் கொடுங்க. இறக்கினதுக்குக் கொடுத்தா கடைகளை ரொப்பி வைப்பாங்க, மூணாவது வாரம் நமுத்துப் போன ரிட்டர்ன் உங்க ஷெட்டுக்கே வரும்.

அம்மாப்பேட்டை_தட்டுவடை:

எல்லாருக்கும் நன்றிங்க. அளவெல்லாம் எழுதி ஒருத்தர் கையில கொடுத்துட்டா, அவங்க அடுத்த தெருவுல அதே தட்டுவடை போட ஆரம்பிச்சா என்னங்க பண்றது? வீட்டம்மா அதுக்குத்தான் பயப்படறாங்க. அப்புறம், ஆளை விட்டுட்டு வெளிய போனாலும் போன் ஓயாதுங்க.

அடுப்படி_அக்கா:

போட நினைக்கறவங்க அட்டை இல்லாமலும் போடுவாங்க, தினமும் பார்த்துட்டுத்தானே இருக்காங்க. தடுக்கணும்னா காரப்பொடியை மட்டும் பிரிச்சு வைங்க. உப்பு, மிளகாய், எள், பெருங்காயம் நாலையும் வீட்டம்மா ஞாயித்துக்கிழமை உக்காந்து 285 கிராம் பாக்கெட்டா கட்டி வச்சிடட்டும். 60 கிலோவுக்கு நாளுக்கு எட்டு பாக்கெட், வாரத்துக்கு 48. அட்டையில "காரப் பாக்கெட் 1"னு மட்டும் இருக்கும். ரகசியமும் காக்கும், உப்பு ரெண்டு தடவை விழற கோளாறும் போகும். பிசையறதை ஒருத்தருக்கு மட்டும் பழக்காம ரெண்டு பேருக்குப் பழக்குங்க.

போன் விஷயத்துக்கு ஒரு நோட்டு. எந்தக் கேள்விக்கு போன் வந்துச்சோ அதை ஒரு வரி எழுதுங்க. ஒரே கேள்வி மூணு தடவை வந்தா பதிலை அட்டையில ஏத்திடணும். கவர் ரோல், உடைஞ்ச ஜல்லிக்கரண்டிக்குப் பதில் புதுசு மாதிரி 500 ரூபாய் வரைக்கும் கேக்காம வாங்கலாம், பில் வைக்கணும். கடைக்காரர் குறை சொன்னா ஒரு கிலோ வரைக்கும் மாத்திக் கொடுக்கலாம். அதுக்கு மேலதான் போன். அவங்க 400 ரூபாய்க்குக் கொஞ்சம் விலை கூட வாங்கிட்டு வந்தா அன்னிக்கு முகத்தைச் சுளிக்காதீங்க; ஒரு தடவை திட்டினா அடுத்த நாள்ல இருந்து பத்து ரூபாய்க்கும் போன் வரும்.

கணக்கு_மேசை:

அக்கா சொன்ன 2,600 கணக்குப்படி டெலிவரி ஆளும் சேர்ந்து 17,600. காம்போசிஷன் வரியும் கழிச்சா நாளுக்கு 29 கிலோ கூட, மொத்தம் 89 வித்தாப் போதும். 102ஐ விட இது கைக்கு எட்டற எண். சூப்பர்வைசர் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். மொத்த ஆள் எண்ணிக்கை 10ஐத் தொடற நாள்ல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வந்துடும்: 21,000க்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்கு முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%. நாளுக்கு 450 வாங்கற ஒருத்தருக்கு உங்க பங்கு மாசம் 380 ரூபாய். பயந்து ஒன்பதுலயே நிறுத்திக்கற அளவுக்குப் பெரிய செலவு இல்ல.

லைன்_வண்டி:

ஓமலூர் முதல்ல, ஏற்காடு அப்புறம். சேலத்துல ஒட்டின பாக்கெட் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போறப்ப வெளிக் காத்தழுத்தம் சுமார் 14% குறையும், உள்ள இருக்கற காத்து விரிஞ்சு பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். ஒட்டு மெலிசா இருந்தா பாதி மலையிலேயே விட்டுடும். மேல பனி ஈரம், வடை அன்னிக்கே நமுத்துடும். கடைக்காரர் பழைய சரக்குன்னு சொல்வார், அவர் மேல தப்பில்ல.

ஏற்காட்டுக்குப் போறதுக்குக் காத்தை நல்லா அமுக்கி வெளியேத்திட்டு ஒட்டுங்க, ஒட்டுக் கோடு அகலமா. பத்துல ஒரு பாக்கெட்டைத் தண்ணித் தொட்டியில முக்கி அழுத்திப் பாருங்க, குமிழி வந்தா அந்த ரோல் முழுசும் மறுபடி ஒட்டணும். 20 கொண்டை ஊசி வளைவுல மூட்டையா அடுக்கினா அடிப் பாக்கெட் மாவாத்தான் போய்ச் சேரும், பிளாஸ்டிக் டிரேயில ரெண்டு அடுக்குக்கு மேல வைக்காதீங்க. வாரம் ரெண்டு நடை போதும்; சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை ஒண்ணு கட்டாயம். ஒரு நடைக்கு 40 கிலோ ஏறலைன்னா பெட்ரோலுக்குக் கட்டாது, அதுவரைக்கும் மேல இருந்து கீழ வந்து எடுத்துட்டுப் போற கடைக்காரருக்கு கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைச்சுக் கொடுங்க.