முன்கூட்டியே சொன்ன ‘சரி’ எதுவரைக்கும் செல்லும்?

மழைக்காகம்:
கனடா உச்ச நீதிமன்றத்தின் ஜே.ஏ. வழக்கை (2011) நேற்றுதான் முழுசாகப் படித்தேன். ஒட்டாவாவில் சேர்ந்து வாழ்ந்த ஜோடி. கழுத்தை நெரிப்பதற்கு அந்தப் பெண் சம்மதித்திருந்தார், மயக்கம் வரலாம் என்பதும் தெரியும். நினைவில்லாமல் இருந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு என்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் பாலியல் செயலில் ஈடுபட்டது குற்றம் என்று ஆறு நீதிபதிகள் சொல்ல, மூன்று பேர் ஒப்பவில்லை. இந்தக் கணக்கில் தூங்கும் மனைவிக்கு முத்தம் கொடுப்பவனும் உள்ளே போகணும். ஒருவர் ஆள, ஒருவர் அடங்க என்று வயது வந்த இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டதில் கோர்ட்டுக்கு என்ன வேலை?

குறிஞ்சி:
சம்மதம் என்ன, எழுதிக் கொடுத்த பவர் பத்திரமா? பவர் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ஆனால் ரத்து செய்ய ஆளுக்கு நினைவு இருக்கணுமே.

மழைக்காகம்:
ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே மயக்க மருந்து கொடுக்கிறார்கள்? நடுவில் நோயாளியை எழுப்பியா கேட்கிறார்கள்?

அரைவக்கீல்:
சகோ, தியேட்டரில் டாக்டர் தனியாக இல்லை. நர்ஸ் இருக்கிறார், மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார், நடப்பதெல்லாம் பதிவாகிறது. படுக்கையறையில் யார் இருக்கிறார்கள்? இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். நெரிப்பதற்கு மட்டும்தான் சம்மதித்தேன், மற்றதற்கு இல்லை என்று அந்தப் பெண் போலீசில் புகார் கொடுத்தார். பிறகு, குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்வேன் என்று அந்த ஆள் மிரட்டியதால்தான் அப்படிப் புகார் கொடுத்தேன் என்று மாற்றிச் சொன்னார். எதற்குச் சம்மதித்தார் என்பதிலேயே இரண்டு கதை.

மழைக்காகம்:
ஒப்புக்கொள்கிறேன், அந்த வழக்கில் சிக்கல் உண்டு. ஆனால் பிரிட்டனின் பிரவுன் வழக்கைப் பாருங்கள். பாலியல் இன்பத்துக்காக ஒருவரையொருவர் காயப்படுத்தியவர்கள், அத்தனை பேரும் சம்மதித்த ஆண்கள், ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை, போலீஸ் கையில் ஒரு வீடியோ டேப் சிக்கியது, அவ்வளவுதான். 1993இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-2 என்று தண்டனையை உறுதி செய்தது. கோர்ட்டுக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் இப்படித்தான். இப்படி ஆள்வதும் அடங்குவதுமாக இருக்கும் எங்களுக்குள் முன்பேச்சு உண்டு, சொன்னவுடன் நிறுத்திவிட வேண்டிய ‘நிறுத்தச் சொல்’ ஒன்று உண்டு, முடிந்த பிறகு கவனித்துக்கொள்வதும் உண்டு. பல கல்யாணங்களில் இதில் பாதிகூடக் கிடையாது.

குறிஞ்சி:
பிரவுன் அநியாயம்தான், அதில் உங்கள் பக்கம். ஆனால் ‘அவளே கேட்டாள்’ என்று கொலை வழக்குகளில் சொன்னார்களே? செத்தவளைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது. அதனால்தான் இங்கிலாந்து 2021இல் சட்டத்திலேயே எழுதியது: பாலியல் இன்பத்துக்காகச் சம்மதித்தாள் என்பது கடுமையான காயத்துக்குச் சாக்கு ஆகாது.

கண்ணாடிவளையல்:
நிறுத்தச் சொல் பற்றி ஒன்று. எனக்கும் இருந்தது. ‘சிவப்பு’.

தினமும் மதியச் சாப்பாட்டு டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பணும் என்பது அவன் போட்ட விதி. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஒரு ஆள்.

ஒரு ராத்திரி ‘சிவப்பு’ என்றேன். உடனே நிறுத்திவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. மறுநாள் ஊருக்குப் போனவன் நாலு நாள் போனை எடுக்கவில்லை. டப்பா போட்டோ மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள், “நம்பிக்கை இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காதே” என்றான்.

அடுத்த முறை வாய்வரை வந்தது. அந்த நாலு நாள் ஞாபகம் வந்தது. முழுங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை’ என்று அவன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். பொய்யில்லை.

மழைக்காகம்:
...இதை நான் யோசித்ததில்லை. முன்பேச்சில் யாரும் இதைப் பேசுவதும் இல்லை. ஆனாலும் இதைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

அரைவக்கீல்:
இங்கிலாந்தில் கட்டுப்படுத்தி ஆட்டிவைப்பது 2015 சட்டப்படி தனிக் குற்றம். இங்கே இந்தியாவில் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனரீதியான கொடுமையும் வரும், தாலி கட்டியிருக்க வேண்டும் என்றில்லை. வளையல், ஒரே வீட்டில் இருந்தீர்களா?

கண்ணாடிவளையல்:
இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை வருவான்.